அயலால் அறியப்படும் அமினோ அமிலங்கள்

ஒருவனது இயல்பை அவன் சேர்ந்துள்ள இனத்தைக்கொண்டு அறியலாம் என்பது நம் முன்னோர் துணிபு. புரதங்களை ஆராயும் அறிஞர்க்கும் இம்முறை பெரிதும் பயன்படுகின்றது.

புரதமென்பது இருபது வகை அமினோ அமிலங்கள் மாலைபோற் கோக்கப்பெற்ற நெடுஞ்சங்கிலியாம். ஓர் அமிலத்தை மற்றொன்றினின்று வேறுபடுத்துவது அதன் பக்கக் கிளையே. எக்ஸ் கதிர்களாற் புரதப் படிகத்தை ஆராயுங்கால் அக்கிளைகளின் உருவம் ஒருவாறு புலப்படும். எனினும் உருவம் ஒன்றே போதாது. வாலீன், திரியோனீன் என்னும் இரண்டின் கிளைகளும் வடிவில் இரட்டைப் பிள்ளைகளை ஒப்பன. அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? அயலை நோக்குதல் வேண்டும். வாலீனின் கிளை நீரை விலக்குவது; ஆதலின் அது பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையுள்ள கிளைகளினிடையே புரதத்தின் உட்புறத்தில் ஒதுங்கும். திரியோனீனின் கிளையிலோ ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த முனை ஒன்றுண்டு. அம்முனை ஹைட்ரஜன் பிணைப்பிற்கு ஏற்ற துணையை நாடும். அமிலங்களின் வரிசை முன்னரே தெரிந்தவிடத்தும், அஸ்பரஜீன் கிளையின் நுனியில் ஆக்ஸிஜன் எப்பக்கம், நைட்ரஜன் எப்பக்கம் என்பதைத் துணிதற்கு இவ்வயலே சான்றாகும்.

இடத்திற்கும் கிளைக்கும் உள்ள இவ்வுறவை நன்கு விளக்கும் ஆராய்ச்சியொன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. இராயபுரத்தையடுத்த காசிமேட்டில் நாடோறும் வந்திறங்கும் மீன்களின் தோலிலும் செதிலிலும் கொலாஜன் என்னும் புரதம் மிகுந்துள்ளது. நம் எலும்பிற்கும் தசைநாணிற்கும் உறுதியளிப்பதும் அதுவே. அதன் மூவிழை அமைப்பை 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே அதனைத் திருத்தியும் அமைத்தனர். படகு கட்டும் கயிற்றில் மூன்று புரிகள் முறுக்குண்டிருத்தல் போல, கொலாஜனில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் அமிலம் கயிற்றின் நடுவை அடுத்திருக்கும். அவ்விடமோ மிகவும் குறுகியது. ஒற்றை ஹைட்ரஜன் அணுவையே கிளையாகவுடைய கிளைசீனன்றிப் பிறிதொன்று அங்கே இடர்ப்பாடின்றி அமையாது. கொலாஜனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிளைசீன் உண்டென்பது இரசாயனப் பகுப்பினால் முன்னரே தெரிந்திருந்தது. அதன் காரணம் இவ்வமைப்பினால் விளங்கலாயிற்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மரபணுவில் நேரும் சிறு பிழையால் ஒரு கிளைசீனின் இடத்தில் பெரிய கிளையுள்ள அமிலம் புகுமாயின், முறுக்குச் செவ்வனே அமையாது. சிறு மோதலுக்கும் எலும்பு முறியும் பிறவிநோய் பலர்க்கு இங்ஙனமே உண்டாகின்றது. ஓர் அணுவிற்கே இடமுள்ள விடத்தில் சில அணுக்கள் மிகுதியாகப் புகுந்ததன் விளைவு, ஒரு குழந்தை நடக்க அஞ்சுவதாக முடிகின்றது.