மனோரஞ்சிதம் இருந்தால் பாம்பு வருமா?

"மனோரஞ்சிதமா? பாம்பு வந்து அடையும், முதல்ல வெட்டிப் போடுங்க." வீட்டில் இந்தக் கொடியை வளர்ப்பவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இந்தப் பயத்திலேயே, நன்றாகப் பூக்கத் தொடங்கிய கொடிகள் பல வெட்டப்பட்டுவிட்டன. ஆனால் பூ வாசத்துக்குப் பாம்பு வருவதில்லை. நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள துகள்களைச் சேர்த்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பால் அது மோப்பம் பிடிக்கிறது. தேடுவது எலியையும் தவளையையும்தான்.

சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த மனோரஞ்சிதம் ஆண்டு முழுதும் பச்சை மாறாதது. கொக்கிபோல் வளைந்த பூக்காம்பால் பற்றிப் பற்றி ஏறும். கவனிக்காமல் விட்டால் தரைவரை புதராக அடைத்துக்கொள்ளும். ஆபத்து அந்தப் புதரில்தான் இருக்கிறது. பச்சைப் பூ மஞ்சளாகும்போதுதான் மணம் தூக்கும். இலை மறைவில் தொங்கும் அந்தப் பூவைத் தேடி, மாலை மங்கலில் பலரும் கையை உள்ளே விடுகிறார்கள்.

கொடியைப் பந்தலில் ஏற்றி, அடியில் இரண்டு அடிக்குக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். சருகு, உடைந்த ஓடு, விறகு எதுவும் அங்கே கிடக்கக் கூடாது. எலிக்குத் தீனியாகும் குப்பையும் வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் பூப்பறிக்கப் போகாதீர்கள்.

பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொன்னால் பிடித்துச் செல்வார்கள். நாகத்தைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடித்துவிட்டால்? கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கேடு. பாம்பைத் தேடிப் போய் நேரத்தைத் தொலைக்காமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. வயிற்றுவலியும் இமை சரிவதும்தான் முதலில் தெரியும். அதனால் "வலியில்லையே" என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் வேலை செய்யும். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியிலிருந்து இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. எத்தனையோ உயிர்கள் அவர்கள் கைத்திறனால் பிழைத்திருக்கின்றன.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். படுக்கை இல்லை என்று சொல்லி அவசர சிகிச்சையை மறுப்பது, வாழும் உரிமையை மீறுவதாகும். ரயிலிலிருந்து விழுந்தவரைக் கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது; 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். சிகிச்சை மறுக்கப்பட்டால் 104இல் புகார் சொல்லலாம். மருத்துவமனையின் பெயர், போன நேரம், சொல்லப்பட்ட காரணம் மூன்றையும் உடன் வந்தவர் அப்போதே குறித்து வைத்திருந்தால் புகார் நிற்கும்.