வட்டுக்கு ஒரு துபாஷி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, பாஷை தெரியாத ஊரிலே குடியேறிய நம் போன்ற குடும்பங்களுக்குத் துபாஷியின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வந்த புதிதில் ரேஷன் கடையிலும் வீட்டுக்காரரிடத்தும் நமக்காக இரண்டு வார்த்தை பேசிய அண்டை வீட்டு அன்பரை எவர் மறப்பார்? துபாஷி என்னும் சொல்லுக்கே இரு பாஷை அறிந்தவர் என்பதுதான் பொருள். புதுச்சேரியில் டூப்ளே துரைக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். அத்தகைய துபாஷிகள் இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் உள்ளேயும் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு ‘டிரைவர்’ என்று பெயர்.

கம்ப்யூட்டரில் நாம் சேமிக்கும் யாவும் வட்டில் எழுதப்படுகின்றன. ஊரிலிருக்கும் பாட்டியின் புகைப்படம், மகளின் திருமண வீடியோ, வீட்டு வரி ரசீது, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் இருப்பிடம் அதுவே. அந்த வட்டை நேரே ஆள்வது ‘கண்ட்ரோலர்’ எனப்படும் மின்னணுச் சுற்று. எங்கே எழுதுவது, எங்கிருந்து படிப்பது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் பல நிறுவனங்களின் கண்ட்ரோலர்களுக்குத் தனித்தனிப் பாஷை உண்டு. இயங்குதளம் பேசுவதை அந்தப் பாஷையில் மாற்றிச் சொல்வதே டிரைவரின் தொழில். டிரைவர் இல்லையேல் வட்டு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. சாவி தொலைந்த இரும்புப் பெட்டியின் கதைதான்.

பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தமது புதிய இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோது, ஏடி வகை வட்டுகளைத் தவிர வேறெதனையும் அது ஒருபோதும் ஏற்காமலே போகக்கூடும் என்றார். தம்மிடம் இருப்பது அது ஒன்றே என்பது அவர் கூறிய காரணம். அந்த லினக்ஸ் இன்று எண்ணற்ற வகை வட்டுகளை ஆள்கிறது. தங்கள் மேஜைமேல் இருந்த கார்டுக்குத் தாங்களே டிரைவர் எழுதி, அதன் மூலநிரலை ஒளிக்காமல் எல்லோர்க்கும் வழங்கிய பலருடைய உழைப்பினால் விளைந்த மாற்றம் இது.

அவர்களுள் ஒருவர் அமெரிக்கரான லெனார்ட் ஜுப்காஃப். பஸ்லாஜிக் என்ற நிறுவனத்தின் ஸ்கஸி வகைக் கண்ட்ரோலர்களுக்கு 1995 முதல் அவர் லினக்ஸ் டிரைவர் எழுதிப் பராமரித்து வந்தார். அந்நிறுவனத்தின் ‘மல்டிமாஸ்டர்’ கார்டு வேலை செய்யும் விதம் அழகானது. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இரண்டு வரிசை அஞ்சல் பெட்டிகள் இருக்கும். கட்டளையைத் தயார் செய்து, அது இருக்கும் முகவரியை ஒரு பெட்டியில் இட்டுக் கார்டுக்குச் சைகை செய்தால் போதும். கார்டு தானே வந்து எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மற்றொரு பெட்டியில் பதில் போட்டு மணி அடிக்கும். இந்த ஏற்பாடு தெரிந்துவிட்டால் டிரைவர் எழுதுவது அறிவும் பொறுமையும் உள்ளவர்க்கு இயலாத காரியமன்று.

ஆனால் 1995 அக்டோபரில் அதே நிறுவனம் ‘ஃபிளாஷ்பாயிண்ட்’ என்ற விலை குறைந்த கார்டை வெளியிட்டபோது சங்கடம் பிறந்தது. அந்தக் கார்டில் தனி மூளை இல்லை. முன்னர் கார்டு செய்துவந்த நுண்ணிய வேலைகளையெல்லாம் கம்ப்யூட்டரின் தலைமைச் செயலியே செய்ய வேண்டியதாயிற்று. அதற்கான வித்தை முழுவதும் நிறுவனத்தின் சொந்த நிரலில் அடங்கியிருந்தது. லினக்ஸுக்கு அந்த வித்தை கிட்டவில்லை. பஸ்லாஜிக் கார்டு எதுவாயினும் லினக்ஸில் ஓடும் என்று நம்பிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏமாந்து நின்றனர்.

இதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்கத் தக்கது. ஜுப்காஃப் நிறுவனத்தாரிடம் சண்டைக்குப் போகவில்லை, பேசினார். அதன் பயனாக, ஃபிளாஷ்பாயிண்ட் கார்டைத் திருப்பிக் கொடுத்து 45 டாலர் செலுத்துவோர் லினக்ஸில் ஓடும் மல்டிமாஸ்டர் கார்டைப் பெறலாம் என்ற திட்டம் 1996 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அத்துடன் நில்லாமல், அந்த ரகசிய நிரலே வெளியாயிற்று. பஸ்லாஜிக்கை வாங்கியிருந்த மைலெக்ஸ் நிறுவனத்தின் உரிமைக் குறிப்போடு, யாரும் படிக்கவும் திருத்தவும் வழங்கவும் இசையும் உரிமத்தின் கீழ் அது கிடைத்தது. 16 தனிக் கோப்புகளாக வந்ததை ஜுப்காஃப் ஒரே கோப்பாகத் தொகுத்து லினக்ஸோடு இணைத்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஃபிளாஷ்பாயிண்ட் ஆதரவு அறிவிக்கப்பட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அதில் வியப்பொன்றும் இல்லை. 1999-இல் மைலெக்ஸ் ஐபிஎம் கைக்குச் சென்றது. 2002-இல் எல்எஸ்ஐ லாஜிக் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே 2002 ஆகஸ்டில், அலாஸ்காவில் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் ஜுப்காஃப் உயிர் துறந்தார். கார்டைச் செய்த நிறுவனம் பெயர் இழந்தது. டிரைவரை எழுதியவரும் மறைந்தார். மூடிய நிரலாக இருந்திருப்பின், அவரோடு அந்தத் துபாஷியின் நாவும் அடங்கியிருக்கும்.

அப்படி நேரவில்லை. மூலநிரல் ஊரறியக் கிடந்தபடியால், அவரை நேரில் கண்டிராதவர்களும் அதை எடுத்துப் படிக்க முடிந்தது. 2013-இல் ஒருவர் அந்த டிரைவரை 64 பிட் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்பத் திருத்தினார். 2021-இல் வேறொருவர் மீண்டும் செப்பனிட்டார். மைலெக்ஸின் ரெய்டு கண்ட்ரோலருக்கு ஜுப்காஃப் எழுதியிருந்த மற்றொரு டிரைவர், புதிய லினக்ஸின் அமைப்புக்குப் பொருந்தாமற் போயிற்று. 2018-இல் லினக்ஸ் 4.20 பதிப்பில் அதனை நீக்கிவிட்டுப் புதிதாக இரண்டு டிரைவர்களை எழுதிச் சேர்த்தவர் ஹானஸ் ரைனெக்கே. பழைய நிரலே புதியதற்கு வழிகாட்டும் நூலாக அமைந்தது. எழுதியவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்தும் அவர் அறிவு கற்பித்துக்கொண்டிருந்தது எனலாம்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து, அவற்றுள் ஒன்று பழுதானாலும் தகவல் அழியாதவாறு காக்கும் முறை. ஒன்று பழுதானது உடனே தெரிந்தால்தான் மாற்று வட்டைப் பொருத்த முடியும். தெரியாமலே இருந்து இரண்டாவதும் போய்விட்டால் காப்பாற்ற வழியில்லாமல் போகக்கூடும். அடாப்டெக் நிறுவனத்தின் ரெய்டு கார்டுகளுக்கு ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் டிரைவர் இருந்தது. எனினும் வட்டின் நலத்தை விசாரித்தறியும் முறை பற்றிய ஆவணங்கள் கேட்டும் கிடைக்கவில்லை. நலம் கூறாத காவலனை நம்பச் சொல்வது நேர்மையன்று என்று கருதிய தியோ டி ராட்டும் அவர் கூட்டாளிகளும் 2005 மே மாதம் வெளியான 3.7 பதிப்பில், வழக்கமான கெர்னலிலிருந்து அந்த டிரைவரை விலக்கினர். அவ்வாண்டு நவம்பரில் வந்த 3.8 பதிப்பில், எல்எஸ்ஐயின் மெகாரெய்டு கார்டுகளை நிர்வகிக்க ‘பயோசிடிஎல்’ என்னும் கருவி இடம்பெற்றது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. தம் நுட்பத்தைப் போட்டியாளர் கற்றுக்கொள்வர் என்ற அச்சம் உண்டு. பிறரிடம் விலைக்கு வாங்கிய நுட்பம் கார்டில் கலந்திருப்பதும் உண்டு. ஆயினும் ஒரு கார்டை விற்கும் ஆர்வம் சில ஆண்டுகளில் அடங்கிவிடும். அதில் எழுதிவைத்த குடும்பப் படங்களும் கணக்குகளும் வாங்கியவருக்குத் தலைமுறைக்கும் வேண்டியவை. இந்தக் கால வித்தியாசத்தை ஈடு செய்வது திறந்த மூலநிரலே.

இதிலிருந்து இல்லறத்தார் நாம் கொள்ள வேண்டிய படிப்பினை சில உண்டு. சங்கத்துக்கோ சிறு கடைக்கோ பழைய சர்வர் வாங்குவோர், கண்ட்ரோலர் சிப்பின் பெயரையும் எண்ணையும் கேட்டறிந்து, அதன் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துள்ளதா என்று பார்த்து வாங்குக. சில ரெய்டு கார்டுகள் பழுதானால், அவற்றில் எழுதிய வட்டுகளை வேறு நிறுவனத்தின் கார்டு படிக்காது என்பதையும் நினைவிற் கொள்க. எந்த ரெய்டும் மறுபிரதிக்கு ஈடாகாது. அருமையான படங்களுக்கு வேறொரு வட்டில், கூடுமானால் வேறொரு வீட்டில், ஒரு நகல் இருக்கட்டும்.

நம் இல்லங்களில் எஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்த பிறகுதான் இத்தகைய வித்தையைத் தொட முடியும் என்பதில்லை. ஜுப்காஃப் விட்டுச்சென்ற நிரல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதைப் படித்து ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புவதே நல்ல தொடக்கமாகும். அனுப்பியவர் எந்த ஊர், எந்தப் பாஷை என்று அங்கே பொதுவாகக் கேட்பதில்லை. திருத்தம் சரியா என்றே பெரும்பாலும் பார்ப்பார்கள். வேற்றூரில் வாழும் நமக்கு இதைவிட உவப்பான சபை வேறு ஏது?