வாசலைத் திறந்ததும் அதிகாரத்தைத் துறக்கும் சர்வர்

2001 ஜூலை 19 அன்று ‘கோட் ரெட்’ என்ற புழு, பதினான்கு மணி நேரத்துக்குள் உலகெங்கும் 3,59,000-க்கும் அதிகமான கணினிகளைப் பிடித்தது. மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வெப் சர்வரில் இருந்த ஓர் ஓட்டை அதற்கு வழிவிட்டது. ஓட்டை இருந்த பகுதி விண்டோஸின் உச்ச உரிமையான ‘சிஸ்டம்’ உரிமையோடு ஓடிக்கொண்டிருந்ததால், நுழைந்த புழுவுக்கும் அதே உரிமை கிடைத்துவிட்டது.

இந்த அபாயத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை லினக்ஸ் இயங்குதளத்தில் நேரில் பார்க்கலாம். திருவனந்தபுரத்தின் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ அமைப்பு உபுண்டுவிலிருந்து உருவாக்கிய லினக்ஸில்தான் இன்று கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினி பழகுகிறார்கள்.

அப்படிப்பட்ட கணினி ஒன்றில் அப்பாச்சி வெப் சர்வரை நிறுவி, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா புராசஸ்களையும் பட்டியலிடும்படி டெர்மினலில் ‘பி.எஸ்.’ கட்டளை கொடுத்தால் விஷயம் கண்ணெதிரே தெரியும். அப்பாச்சியின் பெயர் பல வரிகளில் வரும். ஒரே ஒரு வரியின் உரிமையாளர் உச்ச உரிமை கொண்ட ‘ரூட்’. மற்ற வரிகளெல்லாம் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’ என்ற பயனருடையவை. அது ஆளில்லாத கணக்கு, லாகின்கூடச் செய்ய முடியாது.

ஏன் இந்த இரட்டை ஏற்பாடு? 1024-க்குக் கீழுள்ள போர்ட்களை, அதாவது எண்ணிட்ட இணைப்பு வாசல்களை, ரூட் மட்டுமே திறக்கலாம் என்பது லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் பழைய விதி. வெப் சர்வருக்கு வேண்டியவையோ 80, 443. ஆகவே தாய் புராசஸ் ரூட்டாக எழுந்து, போர்ட்டைத் திறந்து, குறியாக்கத்துக்கான ரகசியச் சாவிக் கோப்பைப் படித்துவிட்டு, குழந்தை புராசஸ்களை உருவாக்குகிறது. அவை ரூட் உரிமையை உதறிவிட்டுத்தான் வேலையில் இறங்குகின்றன. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கோரிக்கைகளைப் பிரித்துப் படிப்பது அவைதான். ஒன்று ஏமாந்தாலும் கடவுச்சொல் கோப்பைத் திருத்தவோ பிறர் கோப்புகளை அழிக்கவோ அதனால் முடியாது.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பெரும்பாலும் அவசரம்தான். கோப்பு ஏற்ற முடியவில்லை என்றதும் ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அதற்குப் பொருள். ஏற்றும் கோப்புகளுக்குத் தனி ஃபோல்டர் ஒதுக்கி, அதை மட்டும் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’ பயனருக்குத் தந்தாலே போதும்.

வேலியிலும் ஓட்டை விழுவதுண்டு. உரிமை குறைந்த குழந்தை புராசஸ், சர்வர் மறுதொடக்கம் ஆகும் தருணத்தில் ரூட்டாக மாறிவிடக்கூடிய பிழை ஒன்று அப்பாச்சியில் இருந்தது. 2019 ஏப்ரலில் வந்த 2.4.39 பதிப்பு அதை அடைத்தது. இப்போது லினக்ஸில், சிறிய எண் போர்ட்டைத் திறக்கும் உரிமையை மட்டும் தனியே பிரித்து ஒரு சேவைக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் சேவை முதல் நொடியிலிருந்தே சாதாரணப் பயனராக ஓடும்.