மேலே இருந்தவர் எப்படித் தோத்தார்? ரிது போகத் கதை

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ல ஒரு டீக்கடை வாசல். ஒரே போனை நாலு பசங்க எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. திடீர்னு ஒருத்தன் என்னைப் பார்த்து, "அண்ணா, மேல இருந்தவங்கதானே ஜெயிக்கணும்? கீழ கிடந்தவங்க எப்படி ஜெயிச்சாங்க?"ன்னு கேட்டான்.

எட்டிப் பார்த்தேன். ரிது போகத். 'தங்கல்' படம் பார்த்தீங்கல்ல, அந்த கீதா, பபிதாவோட தங்கச்சி. ஹரியானாவின் பலாலி கிராமம். அப்பா மகாவீர்தான் கோச். 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் 48 கிலோ பிரிவில் தங்கம், 2017-ல் 23 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக் கனவு கைக்கெட்டுற தூரத்தில் இருந்த நேரம், 2019-ல் சிங்கப்பூர் போய் எம்.எம்.ஏ-வில் இறங்கிட்டார். அந்தக் குடும்பத்தில் இது சாதாரண முடிவு இல்லைங்க.

ஆரம்பம் அதிரடி. 2019 நவம்பரில் பெய்ஜிங்கில் முதல் சண்டை, முதல் ரவுண்டிலேயே முடிச்சார். அடுத்த ஆண்டு முடியறப்போ நாலுக்கு நாலு வெற்றி. ஃபார்முலா சிம்பிள்: காலைப் பிடி, கீழ தள்ளு, மேல ஏறிக் குத்து.

சிக்கலும் அங்கேதான். மல்யுத்தத்தில் எதிராளியின் ரெண்டு தோளும் தரையில் பட்டா ஆட்டம் ஓவர். எம்.எம்.ஏ-வில் அப்போதான் இன்னொரு ஆட்டம் ஆரம்பிக்குது. கீழ படுத்திருக்கிறவருக்கு ரெண்டு காலும் ஃப்ரீ. மேல இருக்கிறவரின் கழுத்தையும் கையையும் அந்தக் கால்களாலேயே பூட்டலாம். இன்னொரு பழக்கமும் ஆபத்து. தோள் தரையில படாம இருக்க மல்யுத்த வீரர்கள் சட்டுனு குப்புறத் திரும்புவாங்க. இங்கே அப்படித் திரும்பினா, முதுகுப் பக்கமிருந்து கழுத்தை நெரிச்சுடுவாங்க. சின்ன வயசுல இருந்து உடம்பில் ஊறின அனிச்சையை எப்படி மாத்துறது?

2021 டிசம்பர் 3, ஒன் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ ஃபைனல். எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். அவரோ முவே தாய்லேர்ந்து வந்தவர், தரைச் சண்டை அவரும் பின்னாடி கத்துக்கிட்டதுதான். ரெண்டாவது ரவுண்டில் ரிது வழக்கம்போல கீழ தள்ளினார். ஸ்டாம்ப் கீழ இருந்தே காலால் பூட்டி, கையை நீட்டி முறுக்கினார். ஆர்ம்பார். ரிது தட்டிட்டார். பசங்க பார்த்தது இதைத்தான்.

2022 செப்டம்பரில் டிஃபானி தியோவிடம் தோல்வி. இந்த முறை கழுத்துப் பிடி. அப்புறம் நீண்ட இடைவெளி. தாயான பிறகு 2025 பிப்ரவரியில் கத்தாரில் மறுபடி இறங்கினார். ஜப்பானின் அயாகா மியுரா முதல் ரவுண்டிலேயே கைப்பூட்டு போட்டு முடிச்சுட்டார். இதைப் படிச்சிட்டு 'மல்யுத்தம் வேஸ்ட்'னு கமென்ட் போடாதீங்க. கபீப் நுர்மகமெதோவ் அதே தரைப் பிடியை வெச்சுத்தான் 29 சண்டையிலும் தோற்காம ஓய்வு பெற்றார். அவர் பூட்டுப் போடவும் கத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். கேட்ட பையன், "அப்போ தள்ளினதும் முதல்ல நம்ம கையைக் காப்பாத்தணும்"னான். பக்கத்துல இருந்தவன் அவன் கையைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டான். டீ கிளாஸ் தப்பிச்சதே பெருசு.