பாட்டரி வயிறு "உப்பி"விட்டதா? உஷார்!

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நூறு சதவீதம். பஸ் சென்டிரல் வந்து சேருவதற்குள் முப்பது. ஆபீசில் டீ வருவதற்குள் செல்போன் "அவுட்"!

"இது தேறாது சார், புதுசா வாங்கிடுங்க" என்று நாலு பேர் யோசனை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்! பெரும்பாலும் கெட்டது போன் அல்ல, பாட்டரிதான்.

ஆயுசு எவ்வளவு?

உள்ளே இருப்பது "லித்தியம் அயன்" பாட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஏறத்தாழ 500 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கினால், பல பாட்டரிகளில் பழைய சக்தியில் 80 சதவீதம்தான் மிஞ்சும். சூடுதான் இதற்கு எமன். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் போனை வைத்தால் ஆயுசு இன்னும் குறையும்.

2017-ல் ஒரு வேடிக்கை! பழைய பாட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவில் பாட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரில் இருந்து 29 டாலராக இறங்கியது. பாட்டரியை மாற்றியதும் "கிழட்டு" போன் மறுபடி ஓடியது!

குத்தாதீர்கள்!

போனின் முதுகு தூக்கிக்கொண்டு நிற்கிறதா? உள்ளே வாயு சேர்ந்து பாட்டரி வீங்கி இருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தக் கூடாது. ஊசியால் குத்தக் கூடாது. சார்ஜ் போடவே கூடாது. குப்பென்று தீப்பிடிக்கலாம்! தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். போனை அணைத்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

ரிச்சி தெரு பக்கம் போனால் பல மாடலுக்கும் பாட்டரி கிடைக்கும். விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். "ஐ.எஸ். 16046" முத்திரையும், "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள்.

எமர்ஜென்சி லைட்டும் அப்படித்தான். பழைய பாட்டரி 6 வோல்ட் என்றால் புதுசும் 6 வோல்ட்தான் இருக்க வேண்டும்.

பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது.

ரேடியோவில் "செல்" தீர்ந்தபோது செல்லைத்தானே மாற்றினோம்? ரேடியோவையா தூக்கிப் போட்டோம்!