மூன்று மணி நேரத்துக்குள்

ராபர்ட் ப்ராகர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவர். 1905-இல் அமெரிக்கா வந்தார். ரொட்டி சுடுவது தொழில். 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா ஜெர்மனிமீது போர் அறிவித்ததும் அவர் 'பகைநாட்டு அந்நியர்' ஆனார். எதிரி நாட்டில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை இன்னும் பெறாதவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் அது. குடியுரிமைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். கடற்படையில் சேரவும் முயன்றார், எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக அவர் வாழ்ந்த காலின்ஸ்வில், இல்லினாய் மாநிலத்து நிலக்கரி ஊர். போரால் நிலக்கரிக்குக் கிராக்கி. தொழிற்சங்கத்தில் இடமில்லாதவருக்குச் சுரங்கத்திலும் இடமில்லை. பக்கத்து ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் 1917 ஜூலையில் வேலைப் பகை இனக் கலவரமாகி, அரசுக் கணக்கிலேயே 39 கறுப்பினத்தவர் மாண்டிருந்தார்கள். திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில், அரசு ஏற்பாடு செய்த பேச்சாளர்கள் நான்கு நிமிடம் போரைப் பற்றிப் பேசினார்கள். நாடு முழுவதும் இவர்கள் சுமார் 75,000 பேர்.

ப்ராகர் சுரங்கச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். மறுத்தார்கள். சுரங்கத்தைத் தகர்க்க வந்த ஒற்றன் என்ற வதந்தி கிளம்பியது. அதற்கான சான்று எதுவும் அன்றும் இல்லை, பின்னரும் கிடைக்கவில்லை. 1918 ஏப்ரல் 4 அன்று சங்கத் தலைவர்மீது புகார் எழுதிச் சுவர்களில் ஒட்டினார். அன்றிரவு பத்து மணிவாக்கில் கூட்டம் அவர் வீட்டு வாசலில் நின்றது.

வெறுங்காலுடன், அமெரிக்கக் கொடியைப் போர்த்தி, அவரைத் தெருவில் நடத்தினார்கள். கொடிக்கு முத்தமிடச் சொன்னார்கள், முத்தமிட்டார். காவலர்கள் அவரை மீட்டு நகர மன்றக் கட்டடத்துச் சிறையில் வைத்தார்கள். அந்த நேரத்தில் அவர் உயிர் பிழைத்திருந்தார். மேயர் மதுக்கடைகளை மூடச் சொன்னார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். கைதியை வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டதாக மேயர் கூட்டத்திடம் சொன்னார். நம்பாதவர்கள் உள்ளே புகுந்து தேடினார்கள். அடித்தள அறையில் அகப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட மேடு நகர எல்லையைத் தாண்டி இருந்தது; அதுவரை யாரும் தடுக்கவில்லை. பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத மட்டும் அனுமதித்தார்கள். இன்று சாகப்போகிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்பதே அதன் செய்தி. தூக்கிலிட்டபோது நள்ளிரவு தாண்டி அரை மணி ஆகியிருந்தது. வயது 30.

நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி தாமஸ் கிரிகரி, இத்தகைய சம்பவங்களுக்கு, விசுவாசமற்ற பேச்சைத் தண்டிக்கப் போதிய சட்டம் இல்லாததே காரணம் என்று வாதிட்டார். மே 16 அன்று ராஜதுரோகச் சட்டம் வந்தது. அரசையோ ராணுவத்தையோ கொடியையோ இழிவாகப் பேசினால் 20 ஆண்டு வரை சிறை.

அதே மாதம், ப்ராகரைக் கொன்றதாக 11 பேர்மீது கொலை வழக்கு விசாரணை நடந்தது. 12 ஜூரர்களைத் தேர்ந்தெடுக்க 700-க்கும் மேற்பட்டவர்களை விசாரிக்க வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அமெரிக்கக் கொடியின் மூவண்ண நாடா அணிந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் பங்கை முன்பே ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஜூன் 1 அன்று ஜூரர்கள் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் அத்தனை பேரையும் விடுவித்தார்கள். காவலர்கள் நால்வர்மீது இருந்த வழக்கும் கைவிடப்பட்டது.

கும்பல் கொலையை மத்திய அரசு தண்டிக்க வழிசெய்யும் மசோதாவை, பக்கத்து மிசௌரி மாநிலத்தின் பிரதிநிதி லியோனிடாஸ் டையர் அதே 1918 ஏப்ரலில் கொண்டுவந்தார். அத்தகைய சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது.