திரையில் காணாமற்போகும் கோப்புகள்: பயனர் சுயவிவரம் ஏன் சிதைகிறது?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகமொன்றில் காலையில் கணினியைத் திறக்கும் மெர்ச்சன்டைசர், ஸ்டைல் எண் வாரியாக அடுக்கிவைத்திருந்த டெக் பேக், பேக்கிங் லிஸ்ட் எதுவுமின்றி வெறுந்திரையைக் கண்டால், எல்லாம் அழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் கோப்புகள் வன்தட்டில் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றையும் விருப்ப அமைப்புகளையும் ஒருவர் பெயரில் தொகுத்துவைக்கும் பயனர் சுயவிவரமே பழுதாகியிருக்கும்.

விண்டோஸில் அந்த அமைப்புகள் 'என்டியூசர்.டாட்' என்னும் மறைகோப்பில் உள்ளன. பயனர் வெளியேறும்வரை திறந்தே இருக்கும் இக்கோப்பில் தகவல் எழுதப்படும் வேளையில் மின்சாரம் தடைபட்டாலோ, வன்தட்டின் ஒரு பகுதி கெட்டிருந்தாலோ, அடுத்த முறை அதைப் படிக்க இயலாத இயங்குதளம் தற்காலிகச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கித் தருகிறது. மெய்யான ஆபத்து இங்குதான் உள்ளது: தூத்துக்குடித் துறைமுகம் செல்லும் கன்டெய்னருக்கான இன்வாய்ஸை அந்தத் தற்காலிகத் திரையில் சேமித்தால், வெளியேறியதும் அது அழிந்துவிடும்.

கணினியை மறுதொடக்கம் செய்தும் சரியாகாவிடில், வேறொரு நிர்வாகி கணக்கில் நுழைந்து, 'யூசர்ஸ்' கோப்புறையிலுள்ள பழைய கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்த பின்னரே பழுதுநீக்கத்தில் இறங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பிறகு, கணினியின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைக் காப்பு எடுத்துக்கொண்டு, அதன் 'புரொஃபைல்லிஸ்ட்' பகுதியில் பயனரின் அடையாள எண் இருமுறை காணப்பட்டு, அவற்றுள் ஒன்று 'பி.ஏ.கே.' என்ற ஒட்டுடன் முடிந்தால், ஒட்டில்லாததன் பெயரை மாற்றிவிட்டு மற்றதன் ஒட்டை நீக்க, பழைய சுயவிவரம் திரும்பக்கூடும். மறைகோப்பே சிதைந்திருந்தால், புதிய கணக்கு தொடங்கி ஆவணங்களை மட்டும் மாற்றிக்கொள்வதே வழி. அந்த மறைகோப்பையும் சேர்த்து நகலெடுத்தால் பழுதும் கூடவே வந்துவிடும்.